7 நாள் பீடிக் கணக்கு: அம்மா 194 கட்டுங்காவ, என் ப்ரோக்ராம் 191-ங்குது

முக்கூடல்காரி

எல்லாருக்கும் வணக்கம். பி.சி.ஏ. ரெண்டாம் வருஷம் படிக்கேன். லேப்ல ஜாவாவுல இன்ட் அரே (முழு எண் வரிசை) வச்சு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி, சராசரி, பெரிய எண், சின்ன எண் எல்லாம் போட்டுப் பழகிட்டு வரச் சொல்லியிருக்காவ. புத்தகத்துல உள்ள 10, 20, 30, 40, 50 போட்டா எல்லாம் கச்சிதமா வருது. அந்த எண்ணுக்கு யார் போட்டாலும் வரும். அதனால வீட்டுக் கணக்கை எடுத்துப் போட்டேன். வம்பு அங்கதான் பிடிச்சுது.

அம்மா பீடி சுத்துதாவ. ராத்திரி தட்டை எடுத்து வைக்கதுக்கு முன்னால எண்ணி, அன்னிக்குக் கிழிச்ச காலண்டர் தாள் பின்பக்கம் எழுதி பாஸ்புக்குக்குள்ள செருகிருவாவ. போன வாரத் தாள் ஏழும் என் கையில இருக்கு. திங்கள்ல இருந்து வரிசையா:

820, 765, 900, 0, 845, 910, 610

வியாழன் சைபர், ஆலங்குளத்துல ஒரு கல்யாணம். ஞாயிறு 610-க்குக் காரணம் நான்தான். இலை வெட்டித் தாரேன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டேன்.

எங்க வீட்டுல 25 பீடி ஒரு கட்டு. மொபைல்ல தட்டுதேன், அதனால கோடையும் தமிழ்லயே எழுதுதேன், கோவிச்சுக்காதீங்க:

கட்டு = 0
நாள் 0-ல இருந்து 6 வரைக்கும்:
  கட்டு = கட்டு + பீடி[நாள்] / 25

விடை 191. அம்மாகிட்ட காட்டுனா, "194-ல்லாட்டி வரும்"ங்காவ. அவங்க அஞ்சாங் கிளாஸ். என் லேப்டாப் திறந்து முழிக்கதுக்குள்ள வாயாலயே போட்டுட்டாவ.

அடுத்தது சராசரி. எனக்கு 692 வருது. அம்மா "ஒரு நாளைக்கு எண்ணூறுக்குக் குறையாம சுத்துதேன், என்னைய சோம்பேறி ஆக்குதியா"ன்னு சண்டைக்கு வாராவ.

மூணாவது, நாளுக்கு நாள் எவ்வளவு கூடுது குறையுதுன்னு பாக்க, பீடி[நாள்+1] கழித்தல் பீடி[நாள்] போட்டேன். ஆறு விடை வந்துட்டு, அப்புறம் செவப்பு எழுத்துல இன்டெக்ஸ் (இடத்து எண்) 7, லெங்த் (நீளம்) 7-ன்னு திட்டிட்டு நின்னு போச்சு.

எங்க தப்பு?

---

ஓஎம்ஆர்_நெல்லையன்

இன்ட்டைத் தூக்கிட்டு டபுள் (தசம எண்) போடுங்க. எல்லாம் சரியாயிரும். இதுக்கு இவ்வளவு பெரிய கதையா?

---

பாளை_அண்ணாச்சி

ஓஎம்ஆர் தம்பி, 32.8 கட்டுன்னு ஒண்ணை எந்தக் கடையிலயாவது வாங்குவானா வே? டபுள் போட்டா இந்த ஏழு எண்ணுக்கு 194 கிட்டதான் வரும், இல்லைங்கல. ஆனா அது 193.9999-ன்னு ஒரு நாள் நின்னுட்டா, திரும்ப இன்ட் ஆக்கும்போது 193-ஆ வெட்டிப் போட்டுரும். முழுசா எண்ணுற பொருளுக்கு முழு எண்தான் சரி. எங்க வகுக்கணுங்கதுதான் கேள்வி.

தங்கச்சி, பாளையங்கோட்டையில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். வார பிள்ளைகளுக்கு முதல் வாரம் கீபோர்டையே காட்ட மாட்டேன். ஒரு பல்லாங்குழியும் ஒரு படி புளியமுத்தும்தான். உன் ஏழு நாளும் ஒரு பக்கத்து ஏழு குழி. ஒவ்வொரு குழியில இருந்தும் இருபத்தஞ்சு இருபத்தஞ்சா அள்ளு. கையால அள்ளிப் பாத்தாத்தான் மிச்சம் கண்ணுல படும். ஜாவா அந்த மிச்சத்தை உனக்குத் தெரியாம தூரப் போட்டுருது.

820-ல 32 கட்டு போக மீதி 20. 765-ல 30, மீதி 15. 900-ல 36, மீதி இல்ல. 845-ல 33, மீதி 20. 910-ல 36, மீதி 10. 610-ல 24, மீதி 10. கட்டு மட்டும் கூட்டினா உன் 191. மீதியைக் கூட்டிப் பாரு: 20, 15, 20, 10, 10. மொத்தம் 75. அது மூணு கட்டு. 191-ம் 3-ம் 194.

உங்க அம்மா மீதி 20 பீடியைத் தூரப் போடவா செய்தாவ? மறுநாள் தட்டுல சேத்துக் கட்டுதாவ. உன் லூப்பு தினமும் ராத்திரி மிச்சத்தைக் குப்பையில கொட்டுது. முதல்ல கூட்டு, 4850 வரும். கடைசியில ஒரே ஒரு தடவை 25-ஆல வகு, 194. முழு எண் வகுத்தலை லூப்புக்குள்ள வச்சா ஒரு விடை, வெளிய வச்சா வேற விடை. தினக்கட்டு எவ்வளவுன்னு கடைக்காரன் கேட்டா உள்ள வைக்கதுதான் சரி, வாரக்கட்டுக்கு வெளிய.

இப்ப சராசரி. 4850-ஐ 7-ஆல வகுத்தா 692-ம் சொச்சமும். அம்மா 6-ஆல வகுத்திருக்காவ, 808-ம் சொச்சமும். ரெண்டுமே சரியான கணக்குதான், கேள்விதான் வேற. வியாழக்கிழமை சைபர்ங்கது "சுத்துனேன், ஒண்ணும் வரல"யா, "தட்டையே எடுக்கல"யா? அரேக்கு ரெண்டும் ஒரே சைபர்தான். அதனால கூட்டும்போதே இன்னொரு எண்ணிக்கையும் வச்சுக்கோ:

மொத்தம் = 0, வேலைநாள் = 0
ஒவ்வொரு நாளுக்கும்:
  மொத்தம் = மொத்தம் + பீடி[நாள்]
  பீடி[நாள்] > 0 என்றால் வேலைநாள் = வேலைநாள் + 1

வேலைநாள் சைபரா இருந்தா வகுக்காதே, ப்ரோக்ராம் அடிபட்டு விழும். சில பேரு லீவு நாளுக்கு -1 போட்டு வைப்பான். வைக்கலாம், ஆனா அந்த -1-ஐயும் சேத்துக் கூட்டித் தொலைச்சவன நான் வருஷத்துக்கு பத்துப் பேராவது பாக்கேன்.

தசம இடம் வேணும்னா டபுளை வகுக்கதுக்கு முன்னால கொண்டா. மொத்தத்தை டபுள் ஆக்கிட்டு 6-ஆல வகுத்தா 808.33. வகுத்து முடிச்சுட்டு அடைப்புக்குறிக்கு வெளிய டபுள் போட்டா 808.0-ன்னு காட்டும். போன தசமம் போனதுதான்.

மூணாவது, ஏழு வேலிக்கம்பு நட்டா நடுவுல ஆறு இடைவெளிதான். லூப்பை லெங்த்ல ஒண்ணு குறைச்சு நிறுத்து. ஜாவா நின்னு திட்டுதேன்னு வருத்தப்படாத, அது நல்லது. இதையே சி மொழியில எழுதியிருந்தா ஏழாவது குழிக்கு அடுத்தாப்புல மெமரியில என்ன கிடக்கோ அதை எடுத்துக் கழிச்சு, ஒரு விடையையும் மூஞ்சியில ஒரு கூச்சமும் இல்லாம நீட்டும்.

உன் ஆறு வித்தியாசம்: -55, 135, -900, 845, 65, -300. இதெல்லாம் கூட்டு. -210. கடைசி நாள் கழித்தல் முதல் நாள், 610 கழித்தல் 820, அதுவும் -210. எந்த அரேக்கும் இது ஒத்து வரணும். வரலைன்னா லூப்புல எங்கயோ ஒரு குழியைத் தாண்டியிருக்க.

இன்னொண்ணு, நீ கேக்கல, ஆனா அடுத்த வாரம் இதுல விழுவ. பெரிய எண் கண்டுபிடிக்க "பெரிசு = 0"-ன்னு ஆரம்பிச்சிருப்ப, இல்லையா? பீடிக்கு அது ஓடிரும். நம்மூர் பேப்பர்ல தினமும் அணை நீர்மட்டம் போடுதான்ல, பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி கொள்ளளவுன்னு. சித்திரை மாசம் அந்த மட்டத்தை எடுத்து நாளுக்கு நாள் கழிச்சுப் பாரு. வெறும் குறைச்சல்தான் இருக்கும்: -1, -2, -1, -3-ன்னு வச்சுக்கோ, இது நான் சும்மா போட்ட எண். பெரிசு = 0-ன்னு ஆரம்பிச்சா விடை 0. மட்டம் ஒரு நாள் அப்படியே நின்னுச்சுன்னு அர்த்தம் ஆயிருது. அப்படி ஒரு நாளே அந்த வரிசையில இல்ல. அதனால முதல் குழியில உள்ளதையே பெரிசுன்னு எடுத்துக்கிட்டு ஆரம்பி.

பழகணும்னா வீட்டுப்பாடம் ஒண்ணு: 14 குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழியில ஒண்ணொண்ணாப் போடு. 13-ஆவது இன்டெக்ஸுக்கு அடுத்து 0 வரணும், அதுக்கு (குழி + 1) மீதி 14, அதாவது 14-ஆல வகுத்த மீதி. கையில உள்ளதும் பலகையில உள்ளதும் கூட்டினா எப்பவும் 70. நாலு சேந்து பசு எடுத்தா மட்டும் நாலு நாலாக் குறையும். ஒவ்வொரு போடுக்கும் கூட்டி அச்சடிச்சுப் பாரு.

---

மேலப்பாளையம்_பாய்

அண்ணாச்சி சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நான் பைத்தான்காரன், அதுல விழுந்த ரெண்டு இடத்தைச் சொல்லிட்டுப் போறேன்.

எங்க வீட்டுலயும் உம்மாவும் பெரியம்மாவும் சுத்துவாங்க. ரெண்டு பேர் கணக்கையும் ரெண்டு லிஸ்ட்டாப் போட்டு நடுவுல கூட்டல் குறி போட்டேன். நாளுக்கு நாள் கூடி ஏழு எண் வரும்னு பாத்தா பதினாலு எண் வந்துச்சு. பைத்தான் லிஸ்ட்டுக்குக் கூட்டல் குறின்னா ஒண்ணோட வால்ல இன்னொண்ணை ஒட்டுறது. 2-ஆல பெருக்கினா அதே லிஸ்ட் ரெண்டு தடவை. ஜிப் போட்டு ஜோடி ஜோடியா எடுத்துக் கூட்டணும், இல்லாட்டி நம்பைங்கிற (NumPy) கணக்கு நூலகத்தோட அரேயா மாத்தணும். நம்பையில அதே குறி குழிக்குக் குழி கூட்டும்.

ரெண்டாவது, கழிச்சு வந்த -55-ஐ 25-ஆல வகுத்து மீதி பாருங்க. ஜாவா -5-ங்கும். பைத்தான் 20-ங்கும். ரெண்டும் பொய் இல்ல. ஜாவா -2.2-ஐ சைபரைப் பாக்க -2-ன்னு வெட்டுது, பைத்தான் கீழ்ப்பக்கமா -3-க்கு இறங்குது, மீதியும் அதுக்குத் தக்கன மாறுது. பல்லாங்குழியில பின்னால போகணும்னா, (குழி - 1) மீதி 14-ன்னு போட்டு 0-ல நின்னா ஜாவா -1-ங்கும், அப்படி ஒரு குழியே இல்ல. முன்கூட்டியே 14-ஐக் கூட்டிட்டு மீதி எடுங்க.

ஒத்தை எண்ணான்னு பாக்கவும் "2-ஆல வகுத்த மீதி 1-ஆ"ன்னு ஜாவாவில கேக்காதீங்க. -55-க்கு -1 வந்து ஒத்தை இல்லைன்னு சொல்லிரும். "மீதி 0 இல்லையா"ன்னு கேளுங்க.

---

முக்கூடல்காரி

அண்ணாச்சி, 194 வந்துட்டு! அம்மாகிட்ட காட்டுனேன். "அதைத்தானே நேத்தே சொன்னேன்"னுட்டு நூலைக் கடிச்சு அறுத்துட்டு அடுத்த பீடிக்குப் போயிட்டாவ.

சைபர் விஷயத்தைக் கேட்டதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தப்ப ஆத்துத் தண்ணி தெருவு வரைக்கும் வந்து வாங்கி வச்ச இலையெல்லாம் ஊறிப் போச்சு. பீடி இலையை நனைச்சுத்தான் வெட்டணும், ஆனா மூட்டையோட நாள்கணக்குல ஊறுனா பூத்துப் போகும். அந்த வாரத் தாள்ல வரிசையா சைபர். அம்மா அன்னிக்கெல்லாம் சும்மா இருக்கல, நல்ல இலையைப் பொறுக்கிக் காய வச்சுக்கிட்டே இருந்தாவ. அந்த சைபரையும் கல்யாண சைபரையும் ஒரே மாதிரி விட மனசு வரல. அதனால இன்னொரு அரே போட்டுட்டேன், தட்டுல உக்காந்த நாளான்னு ஆமா இல்லைன்னு மட்டும். வெள்ளத்து நாளுக்கு ஆமா.

இப்ப புது வம்பு. லேப்ல எல்லா எண்ணையும் பெருக்கவும் சொல்லியிருக்காவ. வியாழனால 0 வந்துட்டு, அது புரியுது. வியாழனை விட்டுட்டுப் பெருக்கினேன். திங்கள், செவ்வாய், புதன் பெருக்கினா 564570000. அதோட வெள்ளிக்கிழமை 845-ஐயும் பெருக்கினா 320280144. பெருக்கப் பெருக்கக் குறையுமா? அம்மா வேற, "பீடியைப் போய் எதுக்குட்டி பெருக்குத"ங்காவ.

---

அம்பை_இன்ஜினியர்

அம்மா கேட்டதுதான் நியாயமான கேள்வி. ஆனா வந்த விடையை மட்டும் விட்டுராதீங்க, அதுல விஷயம் இருக்கு.

ஜாவா இன்ட் 32 பிட். அதுல அடங்குற பெரிய எண் 2147483647. உங்க உண்மையான பெருக்கல் விடை 477061650000. படியில கொள்ளாத நெல்லு வெளிய சிந்துற மாதிரி 4294967296, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கு, 111 தடவை சிந்திப் போயிருக்கு. 111 தடவைக்கு 476741369856. கழிச்சுப் பாருங்க, மிச்சம் சரியா உங்க 320280144. எரர் வராது, எச்சரிக்கையும் வராது.

உங்க அதிர்ஷ்டம், குறைஞ்சு வந்ததால கண்டுபிடிச்சீங்க. 1-ல இருந்து 13 வரைக்கும் பெருக்கினா 6227020800 வரணும், இன்ட்ல 1932053504 வரும். 12 வரைக்கும் வந்த 479001600-ஐ விட அது பெருசுதான், ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். 34 வரைக்கும் போனா 0. சைபரே இல்லாத வரிசையில சைபர்.

பெருக்கலை லாங்ல (64 பிட் முழு எண்) வைங்க. உங்க ஆறு நாளுக்கும் சேத்து 264816921915000000, லாங்ல தாராளமா அடங்கும். பெருக்கி முடிச்சு லாங்ல போட்டா பிரயோஜனம் இல்ல, பெருக்கிட்டு வார மாறியே (வேரியபிள்) லாங்கா இருக்கணும். சிந்துச்சுன்னா கத்தணும்னு நினைச்சா மேத் வகுப்புல மல்டிப்ளை எக்ஸாக்ட்னு ஒண்ணு ஜாவா 8-ல இருந்து இருக்கு. கூட்டலுக்கும் ஆட் எக்ஸாக்ட் உண்டு.

புதுசாப் படிக்கவங்கதான் இதுல விழுவாங்கன்னு நினைக்காதீங்க. அடுக்கின அரேயில நடுவுல வெட்டித் தேடுவோம்ல, அதுக்கு கீழ்முனையும் மேல்முனையும் கூட்டி 2-ஆல வகுக்கணும். ஜாவாவோட சொந்த நூலகத்துலயே அந்த ஒரு கூட்டல் இன்ட்டைத் தாண்டிப் போற பிழை கிட்டத்தட்ட 9 வருஷம் கிடந்திருக்கு. அந்தக் கோடை எழுதுன ஜோஷுவா பிளாக்கே 2006-ல அதைப் பகிரங்கமா எழுதினாரு. கீழ்முனை + (மேல்முனை - கீழ்முனை) / 2-ன்னு எழுதினா சிந்தாது.

---

முக்கூடல்காரி

லாங்ல போட்டேன், நீங்க சொன்ன எண்ணே வந்துச்சு. இன்னிக்கு லேப்லயும் ஓகே ஆயிட்டு.

கடைசியா ஒண்ணு. நான் 194, 194-ன்னு குதிச்சதைப் பாத்துட்டு அம்மா பாஸ்புக்கைத் தூக்கி என் மடியில போட்டு, "கழிச்சதைப் போடல்லாட்டி"ன்னாவ. கடையில கட்டைப் பிரிச்சு, வாய் சரியா மடங்கல, தூளு குறைவுன்னு எடுத்துப் போடுதாவல்ல, அது. திங்கள்ல இருந்து:

15, 10, 0, 0, 20, 5, 0

ரெண்டாவது அரேயா வச்சு குழிக்குக் குழி கழிச்சேன். மொத்தக் கழிவு 50. மிச்சம் 4800, கட்டு 192. காசு இதுக்குத்தான். ஆனா அம்மா இதையும் ஒத்துக்கிடல. திங்கக்கிழமை சுத்துனதைச் செவ்வாய்க்கிழமை காலையிலதான் கடைக்குக் கொண்டு போறாவளாம். அப்ப செவ்வாய்க்கு நேரா உள்ள 10, திங்கள் பீடியோடது. கல்யாணத்துக்குப் போனதால புதன் சுத்துனது வெள்ளிக்கிழமைதான் போச்சு, அந்த 20 புதனோடது. "அன்னிக்குப் பூரா உன் கல்யாணப் பேச்சுதான், கை பீடியில எங்க இருந்துச்சு"ன்னு அம்மாவே ஒத்துக்கிட்டாவ.

இதுக்கு இன்டெக்ஸை எப்படிப் போட?

---

பாளை_அண்ணாச்சி

நாள் கழித்தல் 1-ன்னு எழுதத் தோணும், எழுதாத. வெள்ளிக்கிழமை அது வியாழனைக் காட்டும், அங்க கழிக்க ஒரு பீடி கூட கிடையாது, -20-ன்னு வந்து நிக்கும். மூணாவதா ஒரு அரே போடு, "எந்த நாள் சுத்துனது"ன்னு இன்டெக்ஸை மட்டும் வைக்கதுக்கு. செவ்வாய்க்கு நேரா 0, புதனுக்கு 1, வெள்ளிக்கு 2, சனிக்கு 4, ஞாயிறுக்கு 5. வியாழன் கடைக்கே போகல, அதுக்கு -1 போட்டு, -1-ன்னா தாண்டிப் போன்னு முதல் வரியிலயே சொல்லிரு. அப்புறம் பீடி[எந்தநாள்[நாள்]]-ல இருந்து கழி. அரேக்குள்ள அரே, பயப்படாத.

திங்கக்கிழமைக்கு நேரா உள்ள 15 அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சுத்துனது. அந்தத் தாளையும் எடுத்து எட்டு நாளா வச்சுக்கோ. ஞாயிறு 610-க்கு உள்ள கழிவு இந்தத் திங்கக்கிழமைதான் தெரியும்.

---

முக்கூடல்காரி

முந்தின ஞாயித்துக்கிழமைத் தாளா? அதுலதான் அண்ணாச்சி நேத்து அடுப்புப் பத்த வச்சாவ.